மாத்திரை போட்டும் ராத்திரி மட்டும் ஏன் நெஞ்செரிச்சல்? வீட்டில் இருப்பவர் என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. பல மாதமாக நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். எண்டோஸ்கோபி பார்த்து, அமிலம் எதுக்களிக்கிறது, ‘கிரேடு ஏ’ (உணவுக்குழாய்ப் புண்ணில் மிக லேசான நிலை) என்று சொல்லி, பேன்டோபிரசோல் 40 எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகிறது. பகலில் பரவாயில்லை, ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எரிச்சலும் இருமலுமாக எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் இப்படிப்பட்டவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள், வீட்டில் எதையெல்லாம் சாப்பிடக் கொடுக்கக் கூடாது, ஒரு லிஸ்ட் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லிஸ்ட் கேட்டாலும், உங்களைத் தூங்கவிடாத கேள்வி வேறு என்று நினைக்கிறேன். மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தும் ராத்திரி மட்டும் ஏன் நிற்கவில்லை என்பதுதான் அது. மெடிக்கல் வார்டிலும் குடல்நோய் வார்டிலும் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள், இப்போது நர்ஸிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மாத்திரையை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் டாக்டர் வேலை. அதில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் கொடுத்த மாத்திரை வேலை செய்யும்படி பார்த்துக்கொள்வதும், படுக்கையும் சாப்பாட்டு நேரமும் கவனிப்பதும், எது ஆபத்து என்று முதலில் கண்டுபிடிப்பதும் நர்ஸ் வேலை. வீட்டில் அது உங்கள் வேலை.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். சாப்பிட்டு வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில் இது அவ்வப்போது தானாகவும் தளரும். அப்போது இரைப்பையில் இருப்பது கொஞ்சம் மேலே வரும். எல்லோருக்கும் வரும். உட்கார்ந்தோ நின்றோ இருந்தால் அது தானே கீழே இறங்கிவிடும், விழுங்குகிற எச்சில் மிச்சத்தைக் கழுவிவிடும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைகிறது, விழுங்குவதும் அபூர்வம், படுத்திருப்பதால் கீழே இழுக்கவும் எதுவுமில்லை. பகலில் இரண்டு நிமிடத்தில் இறங்கிப்போவது ராத்திரியில் நெடுநேரம் அங்கேயே தங்குகிறது. பேன்டோபிரசோல் அமிலச் சுரப்பைக் குறைக்கும். அந்தத் தசையை இறுக்காது. மேலே வருவது வந்துகொண்டேதான் இருக்கும், அமிலம் குறைந்து வரும், அவ்வளவுதான். அதனால்தான் மாத்திரையோடு படுக்கையையும் நேரத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் மாத்திரை நேரம். எப்போது கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. வார்டில் புதிதாக அட்மிட் ஆகிறவர்களிடம் கேட்டால், ‘சாப்பிட்டதும் எல்லா மாத்திரையோடு சேர்த்துப் போட்டுக்குவேன்’ என்ற பதில் அடிக்கடி வரும். இந்த வகை மாத்திரைக்கு அது சரிப்படாது. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் மும்முரமாக இயங்கும். இயங்கிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இந்த மருந்தால் அடைக்க முடியும். எனவே சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை, அப்புறம் கட்டாயம் சாப்பாடு. காலை ஆறு மணிக்கு மாத்திரை, ஏழுக்கு ஒரு காபி, பத்தரைக்கு டிபன் என்று போனால் பாதி பலன் வீண். தினமும் சரியாகப் போட ஆரம்பித்தாலும் முழு பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். மாத்திரையை மென்றோ பொடித்தோ தரக் கூடாது; வெளிப்பூச்சு உடைந்தால் மருந்து இரைப்பை அமிலத்திலேயே அழிந்துவிடும். தொந்தரவு ராத்திரியில்தான் என்பதால், மாத்திரையை இரவு உணவுக்கு முன்னால் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நியாயமான கேள்விதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மா தைராய்டு மாத்திரையும் போடுபவர் என்றால் அது முதலில், வெறும் வயிற்றில். அமிலம் குறைந்தால் தைராய்டு மருந்து உறிஞ்சப்படுவதும் குறையலாம் என்பதால் சில வாரம் கழித்து டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுவது நல்லது. ஜெலுசில், டைஜீன் மாதிரி திரவ மருந்துகளை மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். பொதுவாக இரண்டு மணி நேர இடைவெளி, தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அவை வேண்டாம். அட்டையைத் திருப்பிப் பார்த்து பேன் 40-ஆ, பேன்-டி-யா என்றும் கவனியுங்கள். ‘டி’ என்பது டோம்பெரிடோன், வாந்தி உணர்வை அடக்கும் மருந்து. வயதானவர்களுக்கு, அதுவும் சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்துகளோடு சேரும்போது, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது. மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் போடுகிற மருந்து அல்ல அது.

அடுத்தது கட்டில். தலையணையை இரண்டு மூன்று அடுக்கிப் படுக்கச் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அதனால் கழுத்து வளைகிறது, இடுப்பு மடிகிறது, வயிறு அமுங்குகிறது. உள்ளே இருப்பதை மேலே தள்ளுவதற்கு நாமே வழி செய்கிறோம். செய்ய வேண்டியது, தலைமாட்டுப் பக்கம் கட்டிலின் இரண்டு கால்களுக்கு அடியிலும் ஆறிலிருந்து எட்டு அங்குல உயரத்துக்குக் கட்டை வைப்பது. தச்சரிடம் சொன்னால் கால் நழுவாதபடி நடுவில் குழி வெட்டிய கட்டை செய்து தருவார். வைத்த பிறகு நீங்களே ஒருமுறை படுத்து, புரண்டு, கட்டில் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அம்மாவைப் படுக்க விடுங்கள். 63 வயதில் இடுப்பெலும்பு முறிவு நெஞ்செரிச்சலைவிடப் பெரிய விவகாரம். பாயில் படுப்பவர் என்றால் சரிவான ஃபோம் மெத்தைத் துண்டு கிடைக்கிறது. அது இடுப்புக்கு மேல் முதுகு முழுவதையும் தாங்க வேண்டும், தலையை மட்டும் அல்ல. இடது பக்கமாகத் திரும்பிப் படுப்பதும் உதவும். இரைப்பையின் பை இடது பக்கம் தொங்குகிறது; அப்படிப் படுத்தால் உணவுக்குழாய் சேரும் வாய் மேலே நிற்கும், அமிலம் கீழே தேங்கும். வலது பக்கம் படுத்தால் தலைகீழ். ராத்திரி முழுக்க ஒரே பக்கம் யாராலும் படுக்க முடியாது. தூங்கப் போகும்போது இடது பக்கமாகப் படுத்தால் போதும், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுங்கள்.

இனி சாப்பாட்டு நேரம். சாப்பிட்டு முடித்து மூன்று மணி நேரமாவது கழித்துப் படுக்க வேண்டும். பத்து மணிக்குத் தூங்குபவர் ஏழு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். சீரியல் முடிந்து, எல்லோரும் வந்த பிறகு, கடைசியாக ஒன்பதரைக்குச் சாப்பிடுகிற அம்மாக்கள்தான் நம் வீடுகளில் அதிகம். லிஸ்ட்டில் முதல் வரி இதுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் இரவு உணவைத் தவிர்க்கக் கூடாது. நேரத்தை முன்னால் நகர்த்தினால் இன்சுலின் நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு அதற்கேற்ப நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கலாம். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களில் சிலருக்கு இரைப்பை காலியாவதே மெதுவாகிவிடும். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்கிறாரா, மதியம் சாப்பிட்டது இரவு ஏப்பத்தில் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆமென்றால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எந்தப் பாடப்புத்தகமும் எழுதாத ஒன்று பாவாடை நாடா. வயிற்றைச் சோதிக்க சேலையைத் தளர்த்தச் சொல்லும்போது, இடுப்பைச் சுற்றி நாடா அழுந்தித் தோல் கறுத்து, சில பேருக்குத் தடித்தே போயிருக்கும். அவ்வளவு இறுக்கம் நாள் முழுக்க, ராத்திரியும்! வயிற்றுக்குள் அழுத்தம் ஏறினால் எதுக்களிப்பது கூடும். ராத்திரி நைட்டிக்கு மாறச் சொல்லுங்கள், அல்லது நாடாவைத் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள். ஆண்களுக்கு இதே கதை பெல்ட்டில். சாப்பிட்டவுடன் குனிந்து வீடு பெருக்குவது, அரிவாள்மனையில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து காய் நறுக்குவது, குனிந்து துணி துவைப்பது எல்லாம் இந்த வகைதான். வேலையை நிறுத்தச் சொன்னால் நம் அம்மாக்கள் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடச் சொன்னால் கேட்பார்கள். இடுப்புச் சுற்றளவு அதிகம் இருந்தால் எடை குறைவது உறுதியாக உதவும்.

சரி, உணவு லிஸ்ட். அளவு, நேரம், எடை இந்த மூன்றிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. மிளகாய், தக்காளி, புளி, காபி, சாக்லேட் என்று போகும் பெரிய பட்டியலுக்கு ஆய்வு ஆதாரம் மெலிந்தது; ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் புளிக்குழம்பு ஒத்துக்கொள்ளாது, இன்னொருவருக்கு அது ஒன்றும் செய்யாது, தேங்காய்க் குருமாதான் வினை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சாதமும் பிஸ்கட்டுமாகக் கொடுத்தால் சர்க்கரை ஏறும், சத்து குறையும், அம்மாவுக்கு வாழ்க்கையே கசக்கும். அதற்குப் பதில் ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது எரிந்தது. எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதை மட்டும் விலக்குங்கள். எண்ணெயில் பொரித்தது இரைப்பையில் அதிக நேரம் தங்கும் என்பதால் சாயங்கால பஜ்ஜி, வடை, ராத்திரி பரோட்டா சால்னா மூன்றையும் நோட்டைப் பார்க்காமலே குறைக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டும்; நிக்கோட்டின் அந்தத் தசையைத் தளர்த்தும். சோடா குடித்து ஏப்பம் விட்டால் லேசாக இருக்கும், அந்த ஏப்பத்தோடுதான் அமிலமும் வருகிறது. ஈனோவில் சோடியம் நிறைய. பிபி இருப்பவருக்கு அடிக்கடி கொடுக்கிற பொருள் அல்ல. படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிறகு அதைச் செரிக்கவே அமிலம் சுரக்கும். வேண்டுமென்றால் சாப்பாட்டோடு ஏழு மணிக்கே கொடுத்துவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ராத்திரி இருமலோடு எழுந்து உட்காருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வார்டில் ஒரு நோயாளி அப்படி உட்கார்ந்தால், எதுக்களிப்பு என்று ஃபைலில் எழுதியிருந்தாலும் நான் முதலில் கேட்பது, ‘எரியுதாம்மா, மூச்சு முட்டுதா?’ என்றுதான். சர்க்கரையும் பிபியும் உள்ளவருக்கு இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்ந்தாலும் இதே மாதிரி, தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் இருமி எழுந்து உட்கார வைக்கும், உட்கார்ந்தால் குறையும். இரண்டு கணுக்காலின் உள்பக்கத்திலும் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினால், சமீபத்தில் எடை சட்டென்று ஏறியிருந்தால், இது நெஞ்செரிச்சல் கணக்கில் வராது. இன்னொன்று, பிபி மாத்திரையின் பெயரைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை சிலருக்கு விடாத வறட்டு இருமல் தரும். அப்படியென்றால் வேறு மாத்திரை இருக்கிறது, டாக்டர் மாற்றித் தருவார்; நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆஸ்துமாவும் ராத்திரியில்தான் தலைகாட்டும். தொண்டை கரகரப்பு, இருமல் எல்லாவற்றையும் அமிலத்தின் மேல் போடும் வழக்கம் அதிகமாகிவிட்டது. 2021-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட தொண்டைத் தொந்தரவு உள்ளவர்களுக்கு பேன்டோபிரசோல் வகையைச் சேர்ந்த லான்சோபிரசோல் கொடுத்துப் பார்த்ததில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடக் கூடுதல் பலன் இல்லை என்றே தெரிந்தது. எனவே உங்கள் அம்மாவின் எரிச்சல் எதுக்களிப்பால் இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் இருமலும் அதனால்தான் என்பது நிச்சயம் இல்லை.

மற்ற மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறாரா? அது இரைப்பையைப் புண்ணாக்கும். பிபிக்கு ஆம்லோடிபின், மூச்சிரைப்புக்கு டெரிஃபிலின் இரண்டும் அந்த வளையத் தசையைத் தளர்த்தக்கூடியவை. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் என்றால் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எழுதியிருந்தால், எரிகிறது என்று அதை நிறுத்திவிடாதீர்கள். பொதுவாகவே படுக்கையில் சாய்ந்தபடி ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரை விழுங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள்; பாதியில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். நடமாடும் நோயாளி என்றால் மேலே சொன்னதுதான், கூடவே என்ன சாப்பிட்டார், எப்போது வாந்தி, மலம் என்ன நிறம் என்று சார்ட்டில் எழுதுவோம். படுத்த படுக்கையாக, ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய்) வழியாகச் சாப்பிடுபவர் என்றால் கவனிப்பே வேறு: டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தித்தான் கொடுப்போம், கொடுத்து முடித்தும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இறக்க மாட்டோம். எதுக்களித்தது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. உங்கள் அம்மாவுக்கு இது பொருந்தாது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

‘கேஸ் பிடித்திருக்கிறது’ என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்திருந்து, தாமதமாக வந்து சேரும் மாரடைப்புகளை எல்லா எமர்ஜென்சியிலும் பார்க்கலாம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி, வேர்வை, மூச்சுத் திணறல், திடீர் அசதி, இதில் எது வந்தாலும் ஜெலுசில் மாதிரி ஜெல் கொடுத்துப் பார்த்துக் காத்திருக்காதீர்கள், 108, ஈசிஜி. ஜெல் குடித்துக் குறைந்துவிட்டது என்பதால் இதயம் இல்லை என்று ஆகாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். விழுங்கும்போது சிக்குவது, விழுங்கினால் வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, விடாத வாந்தி, ரத்தமாகவோ காபிப் பொடி மாதிரியோ வாந்தி, தார் போலக் கறுத்து ஒட்டும் நாறும் மலம், ரத்தசோகை இவையும் காத்திருக்கக் கூடாதவை. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் பொதுவாக இருக்காது. சந்தேகம் என்றால் காட்டிவிடுங்கள்.

நீண்ட நாள் இந்த மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும், எலும்பு உடையும் என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் படித்திருப்பீர்கள். அந்தத் தொடர்புகள் பெரும்பாலும் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள்தான் இந்த மாத்திரையை அதிகம் போடுகிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் கலந்திருக்கிறது. பதினேழாயிரம் பேருக்கு மேல் பேன்டோபிரசோலோ வெறும் மாத்திரையோ கொடுத்து மூன்று வருடம் தொடர்ந்த ஆய்வு 2019-இல் வந்தது. அதில் தெளிவாகக் கூடியிருந்தது குடல் தொற்று மட்டும்தான். மூன்று வருடத்துக்கு மேல் என்ன என்பதற்கு அது பதில் சொல்லாது. பல வருடம் போடுபவர்களுக்கு பி12 குறையலாம், சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினும் சேர்ந்தால் இன்னும் குறையலாம், ரத்தத்தில் பார்த்துவிடலாம். ரொம்ப நாள் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரிக்கும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயப்படுகிறார்கள். படிப்படியாகக் குறைப்பது டாக்டர் கையில்.

பொதுவாக நான்கிலிருந்து எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள், எனவே மூன்றாவது வாரத்தில் மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. நேரத்தையும் படுக்கையையும் சரிசெய்து எட்டு வாரம் முடிந்தும் எரிந்தால், 24 மணி நேரம் மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்து அமில அளவைப் பதிவு செய்யும் பரிசோதனை இருக்கிறது. கிரேடு ஏ என்பது தொந்தரவே இல்லாத சிலருக்கும் தெரிவதால், அந்தப் பரிசோதனைதான் சந்தேகத்தைத் தீர்க்கும். பெரிய ஊர்களில் செய்கிறார்கள், டாக்டரிடம் கேட்கலாம். அதெல்லாம் பிறகு. கணுக்காலை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தாலோ, எழுந்து உட்காருவது மூச்சுக்காக என்று அம்மா சொன்னாலோ, கட்டில் கட்டைக்குத் தச்சரைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.